இடம் மாறிய சங்கமம்

ஆறு தடம் மாறுவது புதிதல்ல. வெள்ளத்தில் கரையை உடைத்து, ஊரை விட்டு விலகி, பழைய படித்துறையை மணல்மேட்டில் தனியே விட்டுப்போன ஆறுகள் உலகெங்கும் உண்டு. பிரான்சின் லியோன் நகரில் நடந்த கதை வேறு. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. அந்தக் கூடுதுறையை 18ஆம் நூற்றாண்டில் ஒரு சிற்பி தெற்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி வைத்தார். அவர் பெயர் அந்துவான் மிஷேல் பெராஷ். தெய்வம் கனவில் வந்து சொன்னதாக அவர் சொல்லவில்லை. ஊருக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அது வெறும் தண்ணீர் சேருமிடமாக மட்டும் இருக்கவில்லை. ரோமானியர் அந்தக் கூடலின் பெயரைச் சொல்லிப் பலிபீடம் எழுப்பியிருந்தார்கள். கிறிஸ்தவர்கள் அதன் கரையில் மடம் கட்டியிருந்தார்கள். மறைசாட்சிகளின் சாம்பல் கரைந்த நீரும் அதுதான். இத்தனையும் சுமந்த ஒரு சங்கமத்தை மண் கொட்டி நகர்த்திவிட்டால், அதன் புனிதம் என்ன ஆகும்? நீரோடு சேர்ந்து தெற்கே போகுமா? பழைய இடத்திலேயே, இன்றைய கட்டடங்களுக்கு அடியில், தங்கிவிடுமா? இல்லை, மண்ணிலும் நீரிலும் அது முதலிலிருந்தே இல்லையா?

கேள்வியைப் பிடித்துக்கொள்வதற்கு முன் ஊரின் அமைப்பைப் பார்த்துவிட வேண்டும். மேற்கே சோன், கிழக்கே ரோன். நடுவில் வடக்கிலிருந்து தெற்காக நாக்கு நீட்டியதுபோல ஒரு நிலம். பிரெஸ்கீல் என்பது அதற்குப் பெயர். கிட்டத்தட்ட தீவு என்று பொருள். தமிழில் ‘தீபகற்பம்’ என்பதும் அதேதான். கர்ப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தீவு போன்றது எனப் பொருள்படும் ‘த்வீபகல்ப’ என்ற வடசொல்லின் தமிழ் உருவம் அது. சோன் ஆற்றின் மேற்கே ஃபூர்வியேர் குன்று. தீபகற்பத்தின் வடக்குத் தலைமாட்டில் குருவா-ரூஸ் குன்று. முன்னது ஜெபிக்கும் குன்று, பின்னது பட்டுத்தறி ஓடியதால் உழைக்கும் குன்று என்று ஊரார் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தாழ்நிலத்துக்கு அப்படியொரு பட்டம் வாய்க்கவில்லை. அது வாங்கி விற்கும் இடம்.

ஆறுகளும் ஒத்த குணமுள்ளவை அல்ல. ரோன் ஆல்ப்ஸ் மலைப் பனியில் பிறந்து வேகமாக வருவது. சோன் மந்தமானது, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்று ஜூலியஸ் சீசர் தன் கோல் போர்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு மொழியில் ரோன் ஆண்பால், சோன் பெண்பால். ஆண் ஆற்றை நதம் என்றும் பெண் ஆற்றை நதி என்றும் பிரித்த நம்மவருக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. லியோனுக்கு மூன்று ஆறுகள், மூன்றாவது போஜொலே என்று ஒரு பழைய கேலி உண்டு. போஜொலே பக்கத்து வட்டாரத்து ஒயின். கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதியைச் சேர்த்துத் திரிவேணி எண்ணுகிற நாட்டில் இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும்.

கூடுதுறையின் முதல் பெயர் கொந்தாத்தே. ரோமானியர் வருமுன் அங்கே வாழ்ந்த கோல் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கே கூடல் என்றுதான் பொருள். கி.மு. 43இல் லூசியஸ் முனாத்தியுஸ் பிளாங்குஸ் என்ற ரோமானியத் தளபதி ஃபூர்வியேர் குன்றில் லுக்துனும் என்ற குடியேற்றத்தை நிறுவினார். அதற்கு எதிரே, குருவா-ரூஸ் சரிவில், கோல் மக்களின் பழைய ஊர் அப்படியே இருந்தது. கி.மு. 12இல் அங்கேதான் ரோம் தேவிக்கும் அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குமாக ஒரு பலிபீடம் எழுந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி கோல் நாட்டின் 60 இனக்குழுக்களும் பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும். முதல் பூசாரி ரோமானியர் அல்லர், ஏதுய் இனத்தைச் சேர்ந்த கோல் பிரபு. கெட்டிக்கார ஏற்பாடு. வென்றவன் தெய்வமானான், தோற்றவன் அவனுக்குப் பூசை செய்யும் கௌரவத்துக்குப் போட்டியிட்டான். கூட்டம் கூடும் பழக்கம் உள்ள இடத்தில் அரசு தன் பீடத்தைப் போட்டது. பக்தியின் சாயல் கொண்ட வருகைப் பதிவேடு அது.

கி.பி. 19இல் பீடத்தின் அருகே வட்டரங்கம் ஒன்று கட்டப்பட்டது. கட்டிக்கொடுத்தவரும் ஒரு கோல் செல்வந்தர்தான், சாந்தோன் இனத்து யூலியுஸ் ரூஃபுஸ். அந்த அரங்கில்தான் 158 ஆண்டுகள் கழித்து, ஊர் மறக்காத அந்தக் கொலைகள் நடந்தன.

கி.பி. 177. ரோமில் ஆட்சியில் இருந்தவர் மார்க்கஸ் அரேலியஸ். தத்துவ ஞானி, தனக்குத் தானே எழுதிக்கொண்ட சிந்தனைகளுக்காக இன்றும் வாசிக்கப்படுபவர். லியோனில் அப்போது ஒரு சிறிய கிறிஸ்தவக் கூட்டம் இருந்தது. பலர் ஆசியா மைனரிலிருந்து வணிகத்துக்காக வந்து தங்கியவர்கள். கிரேக்க மொழி பேசுபவர்கள். முதலில் குளியல் கூடங்களிலும் சந்தையிலும் அவர்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டது. பிறகு கல்லெறி, கைது, சித்திரவதை. 90 வயது கடந்த ஆயர் பொத்தினுஸ் அடிபட்டுச் சிறையில் இறந்தார். பேரரசரிடம் ஆளுநர் அறிவுரை கேட்டு எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது: மறுதலிப்பவர்களை விட்டுவிடு, மற்றவர்களைக் கொல். பீடத்தின் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்ந்திருந்த நாட்கள் அவை. அதிகாரம் தன் புனிதத்தைக் கொண்டாடிய இடத்திலேயே, அதை ஏற்க மறுத்தவர்கள் வேடிக்கைப் பொருளானார்கள்.

அவர்களில் பிளாந்தினா என்றொரு அடிமைப் பெண். அவளது எஜமானியும் கைதானவர்களில் ஒருத்தி. மெலிந்த உடல்காரி, தாங்க மாட்டாள் என்று எஜமானி பயந்தாள். காலையிலிருந்து மாலைவரை மாறி மாறிச் சித்திரவதை செய்தவர்கள்தான் சோர்ந்துபோனார்கள். கம்பத்தில் கட்டி மிருகங்களுக்கு விட்டார்கள். அன்று மிருகங்கள் தொடவில்லை. கடைசி நாளில் வலையில் சுற்றி காளையின் முன் எறிந்தார்கள். இவை அனைத்தையும் உயிர் பிழைத்தவர்கள் ஆசியாவிலும் ஃபிரீகியாவிலும் இருந்த சபைகளுக்கு ஒரு கடிதமாக எழுதினார்கள். யூசேபியுஸ் தன் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் அதை எடுத்துச் சேர்த்ததால் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கடிதத்தின் இறுதிப் பகுதியில்தான் இக்கட்டுரையின் முடிச்சு இருக்கிறது. உடல்களை ஆறு நாட்கள் வெளியில் போட்டுக் காவல் வைத்தார்கள். பிறகு எரித்தார்கள். சாம்பலைக் கூட்டியள்ளி ரோன் ஆற்றில் கரைத்தார்கள். அவர்களின் சுவடு ஒரு துகள்கூடப் பூமியில் மிஞ்சக் கூடாது. உயிர்த்தெழும் நம்பிக்கையும் அதோடு ஒழிய வேண்டும். கொன்றவர்களும் ஒருவகை நம்பிக்கையாளர்களே என்பது இங்கே தெரிகிறது. புனிதம் எலும்பிலும் மண்ணிலும் இருக்கிறது, மண்ணை இல்லாமலாக்கினால் புனிதமும் இல்லாமலாகும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் ஊரில் பிழைப்புக்காகக் குடிபெயர்கிறவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு கைப்பிடி மண் எடுத்துப்போய், போன ஊரில் புதிய கோயில் எழுப்புவதைப் பிடிமண் என்போம். லியோனின் அதிகாரிகள் செய்தது அதற்கு நேர் எதிர்: பிடிமண்கூட எடுக்க முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

மண் இல்லாதபோது நினைவு தனக்கு ஓர் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. ஆறாம் நூற்றாண்டில் தூர் நகரின் ஆயர் கிரெகோரி, அவர்கள் பாடுபட்ட இடம் அத்தனாக்கோ என்று எழுதினார். தீபகற்பத்தின் தென்பகுதியில் ஏனே என்றொரு மடம் இருந்தது. அதன் லத்தீன் பெயரும் அதுவே. போதாததற்கு, பீடம் ஆறுகள் கூடுமிடத்தில் இருந்தது என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருந்தார். ஏனேயோ கூடலை ஒட்டி இருந்தது. பிறகென்ன, பீடம் இருந்ததும் மறைசாட்சிகள் மடிந்ததும் ஏனேயில்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மடத்து ஆலயத்தை 1107இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கல் நேரில் வந்து அர்ச்சித்தார். அதன் நடுக்கோபுரத்தைத் தாங்கும் நான்கு பருத்த தூண்கள், அகஸ்டஸ் பீடத்தின் இருபுறமும் நின்ற இரண்டு தூண்களைக் குறுக்கே அறுத்துச் செய்யப்பட்டவை என்று சொல்லப்படுகிறது. ரோமின் வெற்றித் தேவதையைத் தாங்கிய கல், யாரை ரோம் கொன்றதோ அவர்களுடைய கடவுளின் கூரையைத் தாங்குகிறது.

1958இல் குருவா-ரூஸ் சரிவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. வட்டரங்கம் கட்டிய யூலியுஸ் ரூஃபுஸின் கல்வெட்டு. அரங்கம் அங்கேதான் இருந்தது என்பது அதோடு உறுதியானது. அதாவது பல நூற்றாண்டுகளாக மக்கள் தவறான இடத்தில் மண்டியிட்டிருந்தார்கள். அந்த ஜெபங்கள் முகவரி தவறிய கடிதங்களா?

இந்த இடத்தில் அப்பரை நினைக்காமல் ஒரு தமிழ் வாசகரால் தாண்டிப் போக முடியாது. கங்கையிலும் காவிரியிலும் முழுகுவதால் என்ன ஆகிவிடும், இறைவன் எங்கும் உள்ளான் என்று உணராதவருக்கு அதனால் பயனில்லை என்று பாவநாசத் திருக்குறுந்தொகையில் கேட்டவர் அவர். அதே அப்பர்தான் உழவாரப் படையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக, தலம் தலமாக நடந்தார். கடைசியில் கயிலை காணப் புறப்பட்டார் என்று பெரிய புராணம் சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் நிசா நகர் ஆயர் கிரெகோரியும் இதே சிக்கலில் இருந்தார். எருசலேமுக்கு யாத்திரை போவதால் கடவுள் கூடுதலாக நெருங்கி வரமாட்டார் என்று கடிதம் எழுதினார். எழுதியவர் எருசலேமுக்குப் போய்வந்தவர். இவர்களை முரண்பாட்டுக்காரர்கள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இடத்தில் எதுவும் இல்லை என்பதும், இடம் இல்லாமல் முடியவில்லை என்பதும் ஒரே மனிதருக்குள் சேர்ந்து இருக்கக் கூடியவை. கேள்வியை அறிவு கேட்கிறது, கால் நடக்கிறது.

லியோனிலேயே இந்த வழக்கை ஒருவர் கடைசிவரை வாதாடிப் பார்த்தார். 1173 வாக்கில் வால்தோ என்ற செல்வந்த வணிகர் சொத்தை உதறிவிட்டு, நற்செய்தியை மக்கள் மொழியில் பெயர்க்கச் செய்து, தெருவில் நின்று போதிக்கத் தொடங்கினார். லியோனின் ஏழைகள் என்று அழைக்கப்பட்ட அவருடைய கூட்டத்தை 1184இல் வெரோனா சங்கம் விலக்கி வைத்தது. கோயிலில் செய்யும் ஜெபத்துக்கும் மாட்டுக்கொட்டிலில் செய்யும் ஜெபத்துக்கும் வித்தியாசமில்லை என்பது அவர்கள்மீது பின்னாளில் விசாரணை அதிகாரிகள் சுமத்திய குற்றங்களில் ஒன்று. அப்பரோடு அவர்கள் பேசியிருந்தால் பாதி வழிவரை ஒத்துப்போயிருப்பார்கள்.

1274இல் லியோனில் பொதுச்சங்கம் கூடியது. அதற்கு வந்த பிரான்சிஸ்கன் துறவியும் இறையியலாளருமான பொனவெந்தூரா அங்கேயே இறந்து, தீபகற்பத்தில் இருந்த தம் சபையின் ஆலயத்தில் அடக்கமானார். 1562இல் நகரைக் கைப்பற்றிய புராட்டஸ்டன்ட் படையினர் அவருடைய எலும்புகளை வெளியில் எடுத்து எரித்தார்கள். மடத்தார் ஒளித்துக் காப்பாற்றிய தலையும் பிரெஞ்சுப் புரட்சியின்போது காணாமல் போனது. 177இல் அவிசுவாசிகள் செய்ததை 1562இல் விசுவாசிகள் செய்தார்கள். ஆலயம் மட்டும் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

இனி பெராஷிடம் வரலாம். அவர் காலத்துத் தீபகற்பம் ஏனேயைத் தாண்டியதும் முடிந்துவிடும். அதற்குத் தெற்கே சேறும் ஓடையும் ஒரு சிறு தீவும். தீவை நகரோடு சேர்த்து, ரோன் ஓரமாகக் கரை கட்டி, கூடலைத் தெற்கே லா முலாத்தியேர் என்ற ஊர் வரை தள்ளும் திட்டத்தை 1766இல் அவர் முன்வைத்தார். 1770இல் அனுமதி கிடைத்தது. ஆறு அவ்வளவு எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டிய மண் கரைந்தது, பணமும் கரைந்தது. 1779இல் பெராஷ் இறந்தார். அவருடைய சகோதரி வேலையைத் தொடர்ந்தார். தெற்கே தள்ளுவதை விட ரோனைத் தாண்டிக் கிழக்கே பரவுவதே புத்தி என்று வாதிட்ட மொராந் என்ற கட்டடக் கலைஞர், தம் செலவில் கூட்டாளிகளோடு பாலமே கட்டிக்காட்டினார். நகரம் பின்னாளில் வளர்ந்தது அவர் சொன்ன திசையில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1794இல் கில்லட்டினில் தலை போனது.

1793 லியோனுக்குக் கெட்ட ஆண்டு. புரட்சி அரசுக்கு எதிராக எழுந்ததற்காக நகரத்தை இடித்துத் தள்ளவும் அதன் பெயரையே நீக்கவும் பாரிஸ் ஆணையிட்டது. ‘விடுவிக்கப்பட்ட ஊர்’ என்பது புதுப்பெயர். தீபகற்பத்தின் நடுவில் உள்ள பெல்கூர் சதுக்கத்தில், நடக்க முடியாத கூத்தோன் என்ற பிரதிநிதியைத் தூக்கிவந்து, மாளிகை ஒன்றின் சுவரில் சுத்தியலால் முதல் அடியைத் தட்ட வைத்தார்கள். கொன்றவர்கள் சாம்பலைக் கரைத்தது ஒரு முறை. இப்போது ஊரின் பெயரைக் கரைக்கும் முயற்சி. அடுத்த ஆண்டே பழைய பெயர் திரும்பிவிட்டது. 1800இல் நெப்போலியன் வந்து பெல்கூரை மீண்டும் எழுப்ப அடிக்கல் நாட்டினார்.

பெராஷ் உண்டாக்கிய புது மண்ணில் நெப்போலியனுக்காக அரண்மனை கட்டும் யோசனை ஒன்றும் இருந்தது. அவர் வீழ்ந்ததும் அதுவும் வீழ்ந்தது. அரண்மனைக்குப் பதிலாக அங்கே வந்தவை, ஒரு நகரம் தன் வாசலில் வைத்துக்கொள்ள விரும்பாதவை அனைத்தும். 1830களில் செயின்ட் எத்தியெனிலிருந்து ரயில். பிறகு இரண்டு சிறைச்சாலைகள், எரிவாயுத் தொழிற்சாலை, ஆற்றுத் துறைமுகம், சரக்குக் கிடங்குகள், பாலியல் தொழில். 1857இல் கட்டி முடிந்த பெராஷ் ரயில் நிலையம் தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி இரண்டாக்கியது. நிலையத்தின் அடியில் செல்லும் வளைவுகளைத் தாண்டினால்தான் தெற்குப் பகுதி. ‘வளைவுகளுக்குப் பின்னால்’ என்று ஊரார் அதைச் சொல்வார்கள். நம் ஊர்களில் ‘தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்’ என்று சொல்லும்போது தொனிக்கும் அதே தொனி.

வளைவுகளுக்குப் பின்னால் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஆலயம் கட்டினார்கள். கோதிக் பாணிக் கோபுரம். அதற்கு யார் பெயர் வைத்தார்கள் தெரியுமா? புனித பிளாந்தினா. அவள் இறந்த காலத்தில் அந்த நிலமே இல்லை. அவள் சாம்பலைச் சுமந்த ஆறு ஓடியும் தேங்கியும் கிடந்த சேற்றின்மேல் மனிதர்கள் கொட்டிய மண் அது. சாம்பல் இல்லை, எலும்பு இல்லை, துகள் இல்லை. ஒரு கடிதம் காப்பாற்றித் தந்த பெயர் மட்டும் இருந்தது. அதுவே பிடிமண் ஆனது. ஒரு அடிமைப் பெண்ணின் பெயர் சிறைச்சாலைக்கும் ரயில் பட்டறைக்கும் நடுவே போய்ச் சேர்ந்ததில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. பெல்கூர் சதுக்கத்துப் பெரிய வீடுகளுக்கு நடுவே அந்தப் பெயர் இவ்வளவு சரியாக ஒட்டியிருக்காது.

புனித இடம் என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு: துரத்தப்பட்டு வருகிறவருக்கு அதன் கதவு என்ன செய்கிறது? 1834 ஏப்ரலில் பட்டு நெசவாளர் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, கடைசியாக எஞ்சிய கிளர்ச்சிக்காரர்கள் பொனவெந்தூரா ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். படை உள்ளே நுழைந்து அங்கேயே கொன்றது. 141 ஆண்டுகள் கழித்து, 1975 ஜூன் 2ஆம் தேதி, சில தெருக்கள் தள்ளியிருக்கும் புனித நிசியே ஆலயத்துக்குள் நூறு பேர் அளவில் பாலியல் தொழிலாளர்கள் புகுந்து அமர்ந்தார்கள். காவல்துறையின் அபராதங்கள், சிறைத் தண்டனை, தங்களில் சிலர் கொலையுண்டும் யாரும் கண்டுகொள்ளாத நிலை இவையெல்லாம் அவர்களின் புகார். பங்குத் தந்தை அவர்களை வெளியேற்றவில்லை. ஜூன் 10ஆம் தேதி காவல்துறை வந்து வெளியேற்றியது. அந்த ஜூன் 2 இப்போது பல நாடுகளில் பாலியல் தொழிலாளர் நாளாக நினைக்கப்படுகிறது. லியோனின் தீபகற்பத்தில் புனிதம் என்று ஒன்று இருந்திருந்தால், அந்த எட்டு நாட்களில் அது புனித நிசியேயில்தான் இருந்தது என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

அதே நிசியே ஆலயத்தில்தான் பவுலின் ஜரிக்கோவின் கல்லறை இருக்கிறது. லியோன் பட்டு வணிகரின் மகள். பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு சூ நாணயம் வாங்கி, தொலைநாட்டு மறைப்பணிகளுக்கு அனுப்பும் முறையை வகுத்தவர். அதிலிருந்து 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. பட்டறைப் பெண்களின் அந்தச் சில்லறையில் ஒரு பங்கு புதுச்சேரிக்கும் மதுரைக்கும் வந்தது. நம் பக்கத்துச் சில பழைய கோயில்களின் செங்கல்லில் லியோன் தறிக்காரியின் காசும் இருக்கலாம். ஜரிக்கோ கடைசிக் காலத்தில் கடனில் மூழ்கி வறுமையில் இறந்தார். 2022இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது.

1990களின் இறுதியில் நகரம் வளைவுகளுக்குப் பின்னால் இருந்த நிலத்தைத் திரும்பிப் பார்த்தது. 150 ஹெக்டேர், நகர மையத்தை இரட்டிப்பாக்கும் திட்டம். அங்கிருந்த மொத்த விற்பனைச் சந்தை 2009இல் வெளியூருக்குப் போனது. துறைமுகக் கிடங்குகள் கலைக்கூடங்களாகின. 2009இல் மூடப்பட்ட செயின்ட் பால் சிறைச்சாலையில் 2015 முதல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இயங்குகிறது; நட்சத்திர வடிவச் சிறைக் கட்டடத்தில் இன்று மாணவர்கள் படிக்கிறார்கள். இந்த மாற்றம் நன்றாக இருக்கிறது. இதற்கு வடக்கே நடந்த மற்றொன்று அப்படியில்லை. ரோன் கரையில் ஓத்தெல்-தியே, அதாவது ‘கடவுளின் இல்லம்’ என்ற பெயரில் நூற்றாண்டுகளாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனை இருந்தது. 1532இல் எழுத்தாளர் ரபலே அங்கே மருத்துவராக இருந்தார். 2010இல் அது மூடப்பட்டது. கடைகளும் உணவகங்களும் 2019இல் ஐந்து நட்சத்திர விடுதியும் வந்தன. கட்டடம் காப்பாற்றப்பட்டது, உண்மைதான். கடவுளின் இல்லத்தில் இப்போது தங்க வாடகை கொடுக்க வேண்டும்.

தீபகற்பத்தின் கடைசி முனையில், பெராஷ் கொண்டுபோய் வைத்த கூடலின் தலைமேல், 2014 டிசம்பரில் சங்கமங்களின் அருங்காட்சியகம் திறந்தது. உலோகமும் கண்ணாடியும் மேகம்போல் குவிந்த கட்டடம். முதல் மதிப்பீட்டைப் பலமடங்கு தாண்டிய செலவு, பல ஆண்டுத் தாமதம். உள்ளே நிரந்தரக் காட்சிகள் நான்கு. அவற்றில் ஒன்று மறுமையைப் பற்றியது: செத்தபின் என்ன என்ற கேள்விக்கு உலகின் மக்கள் சொன்ன பதில்கள், எகிப்திய மம்மிகள் உட்பட. அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு பங்கு எமில் கீமே சேர்த்தது. துணிக்கு நீலம் போடும் செயற்கை நீலத்தைக் கண்டுபிடித்தவரின் மகன். அந்தப் பணத்தில் 1876இல் ஜப்பான், சீனா, இந்தியா என்று மதங்களைத் தேடிப் பயணம் போனவர். 1879இல் லியோனில் மதங்களின் அருங்காட்சியகம் திறந்தார். பத்தாண்டுகளில் அது பாரிசுக்குப் போய்விட்டது. வேட்டிக்கு வெளுப்பு ஏற்றும் நீலத்தில் பிறந்த காசு, சாமி சிலைகளாக மாறியது. ஆனால் அந்தச் சிலைகளின் முன் யாரும் விளக்கேற்றுவதில்லை. கண்ணாடிக்குள் வந்ததும் தெய்வம் சான்றுப் பொருளாகிறது. புனிதத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவும் ஒரு விடை. பிளாந்தினாவின் ஆலயத்துக்கு எதிரான விடை. இரண்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன.

வித்தியாசம் எங்கே? சிலையை எடுத்தவர் பொருளை எடுத்தார், தேவையை எடுக்கவில்லை. ஆலயம் கட்டியவர்களிடம் பொருள் இல்லை, தேவை இருந்தது. பிடிமண்ணின் ரகசியமும் இதுதானே. கைப்பிடி மண்ணில் விசேஷம் ஒன்றும் கிடையாது. அதைச் சுமந்துகொண்டு நடந்தவர்கள் அங்கே போய் மறுபடி கூடுகிறார்கள், அழுகிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். ஏனேயில் தவறான இடத்தில் மண்டியிட்டவர்களின் ஜெபம் வீணாகவில்லை என்று சொல்லத் தோன்றுவதும் அதனால்தான். வட்டரங்கத்தின் சரியான இடம் தெரிந்தபின், 1986இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து ஜெபித்தார். அதற்காக ஏனேயின் மெழுகுவர்த்திகள் அணைந்துவிடவில்லை.

பெயரைச் சுமப்பதில் வணிகருக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2012இல் முனைக்கு அருகே திறந்த பெரிய வணிக வளாகத்தின் பெயரும் சங்கமம்தான். கொந்தாத்தே என்ற பழைய சொல்லின் பொருள், ஆடைக்கடைகளின் நெற்றியில் வந்து நிற்கிறது. தெய்வத்தின் பெயரில் லாட்ஜும் நகைக்கடையும் நடத்தும் நமக்கு இதில் அதிர்ச்சியடைய உரிமை இல்லை.

பெராஷ் நிலையத்திலிருந்து தெற்கே போகும் டி1 டிராமில் ஏறினால் முதலில் ஆவணக்காப்பகச் சதுக்கம். அடுத்த நிறுத்தத்தின் பெயர் புனித பிளாந்தினா. கதவு திறக்கும், மாணவர்களும், கடைப்பைகளோடு வந்தவர்களும், வேலை முடிந்தவர்களும் ஏறி இறங்குவார்கள். அதற்கடுத்தது வட்டார அரசின் தலைமையகம், பிறகு பாலத்தில் ஏறி ரோனைத் தாண்டினால் அருங்காட்சியகம் பின்னால் போய்விடும். சாம்பலை ரோனில் கரைத்தவர்கள் பெயர்கூட மிஞ்சக் கூடாது என்றுதான் கரைத்தார்கள். அந்தப் பெயரை ஒலிபெருக்கி ஒவ்வொரு டிராமிலும் சொல்கிறது.